போர்வைக்குள் ஒரு மாதம்: எல்லைப்புறத்துக் கொடிக்காய்களும் பயிர்த் துணியும்

தை பிறந்து பத்து நாள் கழிந்ததும் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் வெள்ளரி விதைப்பு தொடங்கிவிடும். விஷுவன்று அதிகாலையில் கேரளத்து வீடுகளில் கணி காண வைக்கும் பொன்னிற வெள்ளரி, பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கு மறுநாள் வரும் காயை மாட்டுக்குப் போடலாம். நாள் குறித்து விளைவிக்க வேண்டிய இந்தப் பயிரில் முதல் நடவு பாழானால் மறு நடவுக்கு நேரமில்லை. மருந்தடிக்காமல் விளைவிப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு இந்த நெருக்கடி இரட்டிப்பாகிறது. ஒன்றிரண்டு தோட்டங்களில் பாத்தி நெடுகப் பாம்பு படுத்தாற்போல் வெள்ளைத் துணி வளைந்து கிடப்பதை இப்போது சாலையிலிருந்தே பார்க்க முடிவதற்குக் காரணம் அதுதான்.

அந்தத் துணிக்கு நம்மிடம் இன்னும் ஒரு நிலைத்த பெயர் அமையவில்லை. கடைக்காரர்கள் குரோ கவர் என்றும் கிராப் கவர் என்றும் சொல்கிறார்கள். ‘நான் ஓவன்’ என்று சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. ‘மூடாக்கு’ என்று எழுதினால் நிலத்தின் மேல் பரப்பும் சருகும் தாளும்தான் படிப்பவர் நினைவுக்கு வரும் என்பதால், இந்தக் கட்டுரையில் பயிர்ப் போர்வை என்றே குறிப்பிடுகிறேன். பாலிபுரொப்பிலீனை உருக்கி, மெல்லிய இழைகளாகப் பீய்ச்சி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, சூட்டில் ஒட்டித் தயாரிக்கப்படுவது இது, தறியில் நெய்ததன்று. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள துணி வெயிலில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை உள்ளே விடும், மழைநீரையும் காற்றையும் ஓரளவு விடும், பூச்சியை விடாது. எடை கூடக்கூட வெளிச்சம் குறையும். 30 கிராம் துணி குளிர்நாட்டுக்காரர்கள் உறைபனிக்கு அஞ்சிப் போடுவது, நமக்கு வேண்டாதது. போர்வைக்கு அண்ணன் முறையாக இன்னொன்று இருக்கிறது. அதுதான் பூச்சி வலை. அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண் உள்ள நைலான் அல்லது பாலிஎத்திலீன் வலை விலை கூடியது. ஆனால் காற்று தாராளமாகப் புகும், பல பருவம் உழைக்கும்.

கொடிக்காய்க் குடும்பத்துக்கு முதல் விருந்தாளி சிவப்பு வண்டு. மத்தன் வண்டு என்று மலையாளத்தில் சொல்வதை எல்லைப்புறத்துத் தமிழர்களும் அப்படியே சொல்வார்கள். ஆரஞ்சுச் சிவப்பில், அரை நகம் அளவில் இருக்கும் இது, வெள்ளரியோ பூசணியோ முளைத்து இரண்டு வித்திலைகளை விரித்த மறுநாளே வந்து அவற்றைச் சல்லடையாக்கிவிடும். நாலைந்து இலை விட்டுக் கொடி ஓடத் தொடங்கிய செடி அதே வண்டைப் பொருட்படுத்தாமல் வளர்ந்துகொண்டு போகும். வித்திலைப் பருவத்தில் மட்டும் ஒரு காலைப்பொழுது போதும், செடி தண்டாக நிற்கும். காலை ஆறரை மணிக்குப் போர்வையின் அருகே குனிந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். உள்பக்கத்தில் பனி துளித்துளியாகக் கோத்திருக்கும். வெளிப்பக்கத்தில், நேர்கீழே முளை இருக்கும் இடமாகப் பார்த்து நான்கைந்து வண்டுகள் உட்கார்ந்திருக்கும். வாசனை தெரிகிறது, வழி தெரியவில்லை. விரலால் சுண்டினால் விழுந்து, சற்று நேரத்தில் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து உட்காரும்.

ஆனால் வண்டுக்காக மட்டும் இவ்வளவு செலவு தேவையில்லை. காலையில் கையால் பொறுக்கியும், சாம்பல் தூவியும், இரண்டு விதைக்குப் பதிலாக ஐந்து விதை ஊன்றியும் நம் முன்னோர் வண்டைச் சமாளித்தார்கள். போர்வையின் உண்மையான பயன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடுப்பதில் இருக்கிறது. ‘வைரஸ் விழுந்துவிட்டது’ என்று உழவர் ஒருவர் சொன்னால் அந்தத் தோட்டத்தைப் பற்றி அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இலையில் பச்சையும் மஞ்சளும் தேமலாகக் கலந்து, நுனி சுருண்டு, கணு நெருங்கி, பிஞ்சு கோணலாகி நிற்கும் கொடிக்கு மருந்து கிடையாது. இயற்கை வழியிலும் கிடையாது, ரசாயன வழியிலும் கிடையாது. இந்த நச்சுயிரிகளைச் செடிக்குச் செடி கொண்டு போவது அசுவினியும் வெள்ளை ஈயும். தர்ப்பூசணியில் மொட்டுக் கருகல் நச்சுயிரியைப் பரப்புவது இலைப்பேன்.

இவற்றுள் அசுவினி செய்யும் வேலை தனி வகை. வெள்ளரித் தேமல், சீமைச்சுரை மஞ்சள் தேமல், பப்பாளி வளையப்புள்ளியின் பூசணி வகை ஆகிய நச்சுயிரிகளை அது தன் வாயூசியின் நுனியில் ஏந்திச் செல்கிறது. நோயுற்ற செடியில் சில நொடி குத்திச் சுவை பார்த்து, பிடிக்காமல் பறந்து, அடுத்த செடியில் மறுபடி சில நொடி குத்தினாலே தொற்று நடந்துவிடும். அதாவது, உங்கள் வெள்ளரி அந்த அசுவினிக்கு உணவாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பருத்தியிலிருந்தோ களையிலிருந்தோ கிளம்பிக் காற்றில் வந்து, ஒருமுறை இறங்கி ஏறினால் போதும். இலையில் மருந்து இருந்தாலும் அது செத்து விழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம் என்று லிட்டருக்குக் கலக்கும் கேரளத்துக் கரைசல் உறிஞ்சும் பூச்சிகளின் பெருக்கத்தைக் குறைப்பதில் நல்ல பலன் தருவதுதான். ஆனால் வந்து இறங்கும் முதல் பூச்சியை அது தடுக்காது. இறங்கவே விடாத ஒன்று வேண்டும். அந்த வேலையைத் துணி செய்கிறது.

வெள்ளை ஈயின் கதை வேறு. பாகல், பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் இலைச்சுருட்டும் மஞ்சள் தேமலும் உண்டாக்கும் தக்காளி இலைச்சுருட்டு நியூடெல்லி வைரஸ், வெள்ளை ஈயின் உடலுக்குள் போய், உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்த பிறகே பரவுகிறது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். பிறகு அந்த ஈ நெடுநாள் நோய் பரப்பும். இந்தியாவில் தக்காளியில் கண்டு பெயரிடப்பட்ட இந்த நச்சுயிரி 2012இல் ஸ்பெயின் நாட்டுச் சீமைச்சுரைத் தோட்டங்களில் போய் இறங்கி, அங்குள்ளவர்களையும் வலைக்குள் விவசாயம் செய்ய வைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது தொற்றும் வயது. நாலிலைப் பருவத்தில் தொற்றிய பாகல் கொடியில் காய் என்று சொல்ல ஒன்றும் வராது. காய்ப்புத் தொடங்கிய பின் தொற்றியது சில பறிப்புகளைக் கொடுத்துவிட்டே ஓயும். ஆகவே முதல் முப்பது நாளைக் காப்பாற்றினால் பருவம் முழுவதையும் காப்பாற்றியதாகாது என்றாலும், முதலுக்கு மோசம் வராது.

இந்த அளவில் அமெரிக்கக் கதையும் நம் கதையும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் அங்கே எதிரி வேறு. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வரிவண்டும் புள்ளிவண்டும் கடித்த புண் வழியாக எர்வினியா என்ற பாக்டீரியா தண்டுக்குள் புகுந்து கொடியை வாடவைக்கிறது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் முலாம்பழத்திலும் பூசணியிலும் போர்வையைப் பல ஆண்டுகள் சோதித்தது இந்த வாடலைத் தடுப்பதற்காகத்தான். அந்த வாடல் நோய் நம் ஊர்ப் பிரச்சினை இல்லை. நம்முடைய சிவப்பு வண்டு தின்னுமே தவிர, அந்த நோயைப் பரப்பாது. எனவே அவர்களுடைய அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது. அவர்களுடைய முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது போர்வையைத் திறக்கும் நேரத்தைத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பொருந்தாத இன்னொன்று பந்தல். எலவஞ்சேரி, நெம்மாறை, கொல்லங்கோடு பக்கத்தில் பாகலும் புடலும் ஆள் உயரப் பந்தலில் ஏறிக் காய்ப்பவை. பந்தலுக்கு மேலும் பக்கத்திலும் வலை போர்த்துவது ஒரு வீட்டுக்குக் கூரை போடுவதற்கு ஒப்பான செலவு. எனவே பந்தல் பயிருக்குப் போர்வை என்பது முளைத்ததிலிருந்து கொடி பந்தல் கம்பியைத் தொட எழும்பும் வரையிலான மூன்று நான்கு வாரத்துக்கு மட்டும். குழித்தட்டில் நாற்றுவிட்டு நடுபவர்கள் நாற்றங்காலை 50 கண் வலைக்குள் வைத்துவிட்டால், அந்த மூன்று வாரத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும். இதைவிட மலிவான தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. பத்து சென்ட் நிலத்துக்கு வேண்டிய நாற்று ஒரு கட்டில் அகலத்துக்குள் அடங்கும். தரையில் படரும் வெள்ளரி, தர்ப்பூசணி, பரங்கி, சாம்பல் பூசணி ஆகியவற்றுக்குத்தான் வயலில் நீளப் போர்வை முழுப் பயன் தருகிறது.

கணக்கு இது. ஆறடி இடைவெளியில் பாத்தி எடுத்தால் ஏக்கருக்கு 7,260 அடி, ஏறத்தாழ 2,200 மீட்டர் வரிசை வரும். ஐந்தடிக்கு ஒரு வளைவு என்றால் 1,450 வளைவு வேண்டும். கடைகளில் கம்பி வளைவு கிடைக்கிறது. நம் பக்கத்தில் மூங்கிலைப் பிளந்தோ கமுகு மரத்தைப் பிளந்தோ வரிச்சல் எடுத்து வளைப்பது செலவைக் குறைக்கும், ஆனால் சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது துணியைக் கிழிக்கும். ஓரத்தைச் சீவி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுவது கைகண்ட வழி. துணி வாங்கும்போது வெயில் தாங்கும் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். முதல் ஆண்டு நான் வாங்கியது பை தைக்கப் பயன்படும் சாதாரணத் துணி என்பது, ஐந்தாவது வாரத்தில் அது அப்பளம்போல் நொறுங்கி வாய்க்கால் நெடுகப் பறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. விற்றவர் தெரிந்து விற்றாரா தெரியாமல் விற்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கியது நாங்கள்தான்.

இந்த ஊரில் போர்வை போடுகிறவருக்கு முதல் பகை காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருந்தவராகத்தான் இருப்பார். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கும் அந்த இடைவெளி வழியாக, ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும், கார்த்திகை தொடங்கித் தை மாசி வரையில் கிழக்கிலிருந்து வறட்டுக் காற்றாகவும் வீசுகிறது. இதில் ஒரு நல்லதும் உண்டு. இரண்டு காற்றும் ஒரே கோட்டில், கிழக்கு மேற்காக, எதிரெதிர்த் திசையில் வருகின்றன. பாத்தியையும் கிழக்கு மேற்காக எடுத்தால் காற்று போர்வையின் முதுகு வழியாக வழுக்கிப் போகும். வடக்கு தெற்காக எடுத்தால் ஒவ்வொரு வரிசையும் பாய்மரமாகிவிடும். இரு முனைகளையும் முறுக்கி முளையடித்துக் கட்டி, இரு பக்க ஓரத்தையும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைப்பதுதான் முறை.

ஒரு ஆண்டு ஆள் கிடைக்காத அவசரத்தில், புதைப்பதற்குப் பதில் கல்லை வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நடுவரிசையில் பத்து மீட்டர் அளவுக்குத் துணி புரண்டிருந்தது. இழுத்து மூடி, இம்முறை மண் போட்டேன். களை எடுக்க வந்த பாட்டி, “தம்பி, மூடுறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாத்தியா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. உள்ளே புகுந்த வண்டுகளை வெளியே போகவிடாமல் நானே அடைத்துவிட்டிருந்தேன். அந்தப் பத்து மீட்டரில் முளை மிஞ்சவில்லை. அதற்கு இரு பக்கமும் தப்பிய செடிகளில் மூன்றாவது வாரத்தில் தேமல் தெரிந்தது. மற்ற வரிசைகளில் அப்போது இல்லை.

சித்தூர் வட்டத்தின் கரிசல் மண் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஈரத்தில் களியாக ஒட்டி ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் அதே மண், பாசனம் நாலு நாள் தள்ளினால் விரல் நுழையும் அளவு வெடித்து, புதைத்த ஓரத்தையே பிளந்து காட்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு என்று எழுதியிருந்தாலும், வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. ஆகவே சொட்டுநீர் இல்லாத கரிசல் தோட்டத்தில் ஓரத்தைப் புதைத்ததோடு நில்லாமல், மணல் நிரப்பிய சாக்குப் பைகளை இடையிடையே வைப்பது நல்லது. செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

வெப்பத்துக்கு வருவோம். குளிர்நாட்டில் போர்வையின் முதல் நன்மையாகச் சொல்வதே நமக்கு முதல் தீமை. துணிக்குள் பகல் வெப்பம் வெளியைவிடச் சில டிகிரி கூடும். தையில் அது பரவாயில்லை. விதை விரைந்து முளைக்கும், நாற்று தளதளவென்று இருக்கும். பங்குனியில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும் நாள்களில் அதே துணி அடுப்பாகிவிடும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் வெள்ளரிக் குடும்பத்தில் ஆண் பூக்களைப் பெருக்கிப் பெண் பூக்களைக் குறைக்கும், மகரந்தத்தின் உயிர்ப்பையும் கெடுக்கும். எனவே மாசிக்கு மேல் விதைப்பவர்கள் துணியை விட்டுவிட்டு வலையை எடுப்பதே நல்லது. அதையும் செடியின்மேல் படாமல் மூன்றடி உயரத்தில் வளைத்துக் கட்ட வேண்டும். ஐயோவாவில் மூன்றரை அடி வளைவின்மேல் நைலான் வலை போர்த்தும் முறைக்கு வந்து சேர்ந்ததற்கும், தாழ்ந்த துணிப் போர்வைக்குள் கோடையில் சூடு ஏறியது ஒரு காரணம்.

மூடியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்வை வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். சென்ற பருவத்திலும் அதே நிலத்தில் பூசணியோ பாகலோ இருந்திருந்தால், சிவப்பு வண்டின் புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்ந்து அங்கேயே கூட்டுப்புழுவாகி இருக்கும். அவை வண்டாக வெளியேறும்போது தலைக்கு மேல் துணியும் கண்ணெதிரே இளநாற்றும் இருக்கும். சாப்பாடு போட்டுக் கதவைச் சாத்தியது போலாகிவிடும். ஆகவே நெல் அறுத்த வயலிலும், சோளமோ நிலக்கடலையோ எடுத்த நிலத்திலும் மட்டுமே போர்வை போட வேண்டும். கொடிக்காய்க்குப் பின் கொடிக்காய் என்றால் வேண்டாம். அசுவினியும் அப்படித்தான். நாற்றோடு நாலு அசுவினி உள்ளே போய்விட்டால், அதைத் தின்னும் பொறிவண்டும் இரைவிழுங்கி ஈயும் வெளியே நிற்க, அது கணக்கில்லாமல் பெருகும். சிலந்திப்பேனுக்கும் இதே வசதி. வாரம் ஒருமுறை, மாலையில், வரிசைக்கு இரண்டு இடத்திலாவது தூக்கி இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் போர்வை போடுபவர், முப்பதாம் நாள் திறக்கும்போது அதிர்ச்சி அடையத் தயாராக இருக்க வேண்டும். களை இன்னொரு தொல்லை. வெள்ளி நிறம் மேலே இருக்கும்படி நிலப்போர்வைத் தாளை விரித்து அதன்மேல் வளைவு போட்டால் களையும் அடங்கும், திறந்தபின் அந்த வெள்ளியின் பளபளப்பு அசுவினியையும் வெள்ளை ஈயையும் சில நாள் குழப்பி விலக்கும்.

இனித் திறப்பு. கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி; தேனீயோ அந்துப்பூச்சியோ இடையில் வராமல் காய் பிடிக்காது. முதல் ஆண் பூவைப் பார்த்ததும் பதறித் திறந்துவிடுகிறார்கள். ஆண் பூ முந்திக்கொள்ளும். அடியில் சிறு பிஞ்சோடு கூடிய பெண் பூ அதற்குச் சில நாளிலிருந்து ஒரு வாரம் பிந்தியே வரும். அந்தப் பெண் பூவைக் கண்டபின் திறந்தால் போதும் என்பதால் ஒரு வாரம் லாபம். ஐயோவாக்காரர்கள் இதிலும் ஒரு படி மேலே போய், பூத்தபின் பத்து நாள் வரை திறப்பதைத் தள்ளிப்போட்டு, அந்த நாள்களில் முனையை மட்டும் திறந்துவைத்தோ, உள்ளே குண்டுத்தேனீக் கூட்டை வைத்தோ பார்த்தார்கள். வாடல் நோய் கணிசமாகக் குறைந்தது. பூக்கும் இரண்டு வாரம் மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூடி அறுவடை வரை வைப்பதையும் சோதித்திருக்கிறார்கள். குண்டுத்தேனீ நம் சமவெளியில் இல்லை. ஆனால் பாலக்காட்டு வீடுகளில் மூங்கில் குழாயிலும் மண் கலயத்திலும் வளர்க்கும் கொட்டாத சிறுதேனீ இருக்கிறது. மூடிய இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். சிறிய வலைக்கூண்டு போடுபவர்கள் அதை நம்பலாம். ஏக்கர் கணக்கில் போடுபவர்கள் திறந்தே ஆக வேண்டும்.

எப்போது திறப்பது என்பது பயிருக்குப் பயிர் மாறும். வெள்ளரி, பாகல், பரங்கி, தர்ப்பூசணி ஆகியவை அதிகாலையில் மலர்பவை. காலை பத்து மணிக்குள் தேனீக்களின் வேலை முடிந்துவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும், புடல் இரவில் மலரும். அவற்றை நாடி வருபவை பெரும்பாலும் அந்துகள். பகலில் திறந்து இரவில் மூடினால் சுரைக்கொடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதைத்தான் பார்க்கலாம். மகரந்தச் சேர்க்கையே தேவைப்படாத, விதையில்லாமல் காய்க்கும் வெள்ளரி வகைகளும் உண்டு. பசுமைக்குடிலுக்கென்று கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளானிக்கரையில் உருவாக்கிய கேபிசிஎச் 1 அத்தகையது. அதற்குப் போர்வையைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அது கறிக்கும் பச்சையாகத் தின்னவும் ஆகும் வெள்ளரி, கணிக்கு ஆகாது.

துணியைச் சுருட்டி எடுத்த நாளில் காய் ஈ வந்துவிடும். இங்கேதான் போர்வையின் எல்லை முடிகிறது. இளம்பிஞ்சாகத் தேர்ந்தெடுத்துத் தோலுக்கடியில் முட்டையிடும் இந்த ஈ, வெயில் காலத்தில் விரைவாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும்; புழு காயைவிட்டு இறங்கி மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூடு கட்டும். ஹவாய்த் தீவுகளுக்கு 1890களில் இந்த ஈ போய்ச் சேர்ந்தது, இன்றும் அங்கே இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் ஈக்களை மலடாக்கிக் கோடி கோடியாகப் பறக்கவிட்டு 1993இல் அடியோடு ஒழித்தார்கள். அது ஓர் அரசு பல ஆண்டு செய்த வேலை. நம்மால் ஆகக்கூடியது, காயை ஒவ்வொன்றாகக் காப்பது. வேலந்தாவளம் சந்தைக்குப் போகும் புடலங்காய் கோணாமல் நீள அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இங்கே உண்டு. கல் கட்டும் அதே கை, இரண்டு மூன்று நாள் பிஞ்சாக இருக்கும்போதே ஒரு உறையையும் மாட்டிவிடுவதால் வேலை ஒன்றும் கூடிவிடாது. பாலித்தீன் உறையில் வியர்த்து அழுகும். தாள் உறை பனியில் நைந்துவிடும்.

ஹவாயில் போர்வையைத் தலைகீழாகவும் பயன்படுத்தினார்கள். ஈ விழுந்த காய்களை எல்லாம் பொறுக்கி வலையால் ஆன ஒரு கூடாரத்துக்குள் கொட்டுவார்கள். உள்ளே பொரிக்கும் ஈ வெளியேற முடியாத அளவுக்குக் கண் சிறியது. அந்த ஈயின் புழுவில் முட்டையிட்டு வளரும் நுண்குளவி மட்டும் வெளியேறும் அளவுக்குப் பெரியது. இங்கே அவ்வளவு நுணுக்கம் இல்லாவிட்டாலும், பழுதுபட்ட காயை வரப்பில் எறியாமல் கனத்த பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்து முடியும். கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டும் இழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதை வைக்கலாம். வெயில் ஏறியதும் ஈக்கள் போய் அடையும் மக்காச்சோளத்தை ஓரப்பயிராக விதைத்து அங்கே கவர்ச்சிக் கரைசல் தெளிப்பது அதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

பூஞ்சை நோய்களைப் பற்றி ஒன்று மட்டும். சாம்பல் நோயின் வித்தும் அடிச்சாம்பலின் வித்தும் காற்றில் வருபவை. துணியின் துளை அவற்றுக்குத் தெருவாசல். ஓணத்துக்காக ஆனியில் நடும் பந்தலில் போர்வை போட்டு ஈரத்தை உள்ளே கட்டிவைத்தால் அடிச்சாம்பல் இன்னும் விரைவாகப் படரும். மழைப் பருவத்தில் போர்வை வேண்டவே வேண்டாம்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களிடம் ‘பிளாஸ்டிக் போட்டு இயற்கை விவசாயமா’ என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்றவற்றால் ஆன துணியும் வலையும் தாளும் ஏற்கப்படும், பிவிசி ஏற்கப்படாது, பயன் முடிந்ததும் மண்ணிலிருந்து அகற்ற வேண்டும், வயலில் எரிக்கக் கூடாது. எல்லைப்புறத்துக்கு இது வெறும் ஏட்டு விதி அன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறியில் மருந்தின் எச்சம் இருப்பதாகக் கேரளம் 2015இல் எழுப்பிய பேச்சு அடங்கினாலும், சாவடிக்கு இந்தப் பக்கம் கேரளத்திலேயே விளைந்த எங்கள் காயையும் ‘பாண்டிச் சரக்கு’, அதாவது தமிழ்நாட்டுச் சரக்கு, என்று கணித்து விலையைக் குறைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சான்றிதழ் இருந்தால்தான் வாய் திறக்க முடிகிறது.

ஏக்கருக்கு 2,200 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உள்ள 17 கிராம் துணி என்றால் மொத்தம் ஏறத்தாழ 60 கிலோ. அவ்வளவும் உழவுக்கு முன் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். காலையில் பனி காயும் வரை காத்திருந்து, ஓரத்து மண்ணை உதறி, ஒரு முனையிலிருந்து கம்பில் சுருட்டிக்கொண்டே வந்தால் இருவர் அரைநாளில் நாலைந்து வரிசையை எடுத்துவிடலாம். நிழலில் வைத்தால் நல்ல துணி இரண்டாம் பருவத்துக்கும் ஆகும். அதற்கும் ஆகாத கிழிசலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் தைத்துப் பையாக்கினால் பாகல் பிஞ்சுக்கு மாட்டும் உறை கிடைக்கிறது. காற்றுப் புகும், வியர்க்காது, ஈயின் ஊசி பிஞ்சுத் தோலை எட்டாத அளவுக்குத் தள்ளி நிற்கும். சித்திரையில் எங்கள் திண்ணையில் தையல் இயந்திரத்தைச் சுற்றி மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் குவியல் அதுதான்.